மருமோன், காணி உறுதியை ஒருக்கா அலுமாரிக்கை வையும்

மருமோன், நீர் கனடாவுக்குப் படிக்க வரப்போறீராம் எண்டு கொம்மா ஃபோனிலை சொன்னா. கேட்டவுடனை எனக்குக் கண் கலங்கிப்போச்சு. உமக்குப் படிப்பிலை இவ்வளவு ஆசை கிடந்தது இத்தனை காலமும் எங்களுக்குத் தெரியாமல் போச்சே! ஏஎல் சோதினைக்கு முதல்நாள் நெல்லியடியிலை கிரிக்கெட் மட்ச் பாக்கப்போன பிள்ளைக்கு, உலகத்தின்ர மற்றப் பக்கத்திலை பனிக்குள்ளை நிண்டு படிக்கவேணும் எண்டு வந்திருக்கெண்டால் அது சாதாரண விசயமில்லை.

என்ன படிக்கப்போறான் எண்டு கேட்டன். பிசினஸ் எண்டா. எந்தக் கொலிச் எண்டு கேட்டன். அது ஏஜென்சிக்காரத் தம்பிக்குத்தான் தெரியும் எண்டா. அதுவும் சரிதான். பிசினஸ் செய்யிறது அவர், அவருக்குத்தானே தெரிஞ்சிருக்கவேணும்.

காசுக்கு என்ன வழி எண்டு நான் கேக்கேல்லை. கேக்காமலே சொன்னா, கொப்பர் மிளகாய் வைச்ச தோட்டக் காணி நாலு பரப்பும் விலை பேசியாச்சாம். அதோடை கதை மாறிட்டுது. படிப்பெண்டால் எனக்கு வாயில்லை. காணி எண்டு வந்தால் மாமனுக்கும் ஒரு வாய் இருக்கு. கொஞ்சம் இரும், கதைப்பம்.

முந்தி, படிக்க வாற ஒரு பிள்ளை கொலிச் காசும் பிளேன் காசும் போக, கையிலை பத்தாயிரம் டொலர் இருக்கெண்டு காட்டினால் காணும். இருவது வருசத்துக்குக் கிட்ட அந்தப் பத்தாயிரத்தை ஒருத்தரும் தொடேல்லை. 2024 தை முதலாந் திகதி அதை 20,635 ஆக்கிச்சினம். 2025 செப்டெம்பரிலை இருந்து 22,895. எங்கட காசுக்கு நாற்பத்தைஞ்சு லட்சத்துக்கு மேலை போகுது. கனபேர் அதைக் கொண்டுவந்து இஞ்சத்தைப் பாங்கிலை ஜிஐசி எண்டு கட்டி வைக்கினம். பாங்க் உம்மட காசை உமக்கே மாசாமாசம் எண்ணித் தரும். வாங்கேக்கை நன்றி சொல்ல மறந்திடாதையும்.

அது சாப்பாட்டுக்கும் வாடகைக்கும். இனிப் படிப்புக் காசு. ரொறன்ரோ யூனிவெர்சிற்றியிலை ஆர்ட்ஸோ சயன்ஸோ படிக்கிற ஒண்டாரியோப் பிள்ளை வருசத்துக்கு ஆறாயிரம் டொலர் சொச்சம் கட்டுது. பக்கத்துக் கதிரையிலை இருக்கிற வெளிநாட்டுப் பிள்ளை கட்டிறது அறுபதாயிரத்துக்கு மேலை. ஒரே வாத்தியார், ஒரே பாடம், ஒரே நித்திரை. பத்து மடங்கு குடுத்த பிள்ளைக்குப் பத்து மடங்கு விளங்குதோ எண்டு ஒரு பேராசிரியரைப் பிடிச்சுக் கேக்க நினைச்சனான். மாமி விடேல்லை.

ஏன் இப்பிடி எண்டு கேளும். 2019 இலை இஞ்சத்தை மாகாண முதலமைச்சர் டக் ஃபோர்ட்டின்ர அரசாங்கம் உள்ளூர்ப் பிள்ளையளின்ர கட்டணத்திலை பத்து வீதம் வெட்டிச்சுது. பேந்து கூட்டவும் கூடாதெண்டு ஆணியடிச்சு வைச்சுது. சனம் கை தட்டிச்சுது, நானும் தட்டினனான். வெட்டின காசுக்கு அரசாங்கம் தன்ர பங்கைக் கூட்டிக் குடுத்துதோ எண்டால், அதுதான் இல்லை. ஒரு மாணவருக்கெண்டு மாகாணம் குடுக்கிற காசிலை ஒண்டாரியோ கனடாவிலை கடைசி வாங்கு. அப்ப கொலிச்சுகள் எங்கை போறது? வெளிநாட்டுப் பிள்ளையிட்டை எவ்வளவும் கேக்கலாம், ஒரு சட்டமும் மறிக்கேல்லை. ஒண்டாரியோக் கணக்காய்வாளர் நாயகம் 2021 இலை எழுதின அறிக்கையிலை கிடக்கு: பொதுக் கொலிச்சுகளிலை நூற்றுக்கு முப்பது பேர்தான் வெளிநாட்டுப் பிள்ளையள், ஆனால் கட்டணமாய் வந்த காசிலை நூற்றுக்கு 68 அவையின்ர. அந்தப் பிள்ளையளிலை 62 வீதம் இந்தியாவிலை இருந்து வந்தவை.

அதுக்கு ரெண்டு வருசம் கழிச்சு ஹயர் எடியூக்கேசன் ஸ்ட்ராட்டஜி அசோசியேற்ஸ் எண்ட ஆராய்ச்சி நிறுவனம் ஒரு கணக்குப் போட்டுக் காட்டிச்சுது. ஒண்டாரியோக் கொலிச்சுகளுக்கு இந்தியப் பிள்ளையளாலை வந்தது 200 கோடி டொலர். ஒண்டாரியோ அரசாங்கம் குடுத்தது 180 கோடி. பஞ்சாபிலையும் குஜராத்திலையும் வயலை ஈடு வைச்ச தகப்பன்மார் ஒண்டாரியோ அரசாங்கத்தைவிடக் கூடக் குடுத்திருக்கினம், மருமோன்! எங்கட ஊரெண்டால் பள்ளிக்கூட மண்டபத்திலை அவையின்ர படத்தை மாட்டி, வருசா வருசம் பரிசளிப்பு விழாவிலை மாலை போட்டிருப்பம்.

ரொறன்ரோவிலை இருந்து 401 ரோட்டாலை மேற்கை ஒரு மணித்தியாலம் போனால் கிச்சனர். அங்கை கொனஸ்டோகா எண்டு ஒரு கொலிச். 2023 இலை அந்த ஒரு கொலிச்சுக்கெண்டு மட்டும் 30,000 க்கு மேலை படிப்பு அனுமதி குடுபட்டது. அது பொதுக் கொலிச், லாபத்துக்கு நடத்திற இடமில்லை. ஆனால் 2023-24 கணக்கிலை செலவு போக மிஞ்சினது 252 மில்லியன் டொலர். மிளகாயிலை அப்பிடி ஒரு போகம் கண்டவரோ எண்டு கொப்பரைக் கேட்டுச் சொல்லும்.

தூரத்துக் கதை வேண்டாம், எங்கட ஸ்காபரோவுக்கு வாரும். இஞ்சையிருந்து வடக்கை எழுநூறு கிலோமீற்றரளவிலை டிம்மின்ஸ் எண்டு ஒரு ஊர், பொன் கிண்டுற இடம். அங்கை நோர்தேர்ன் கொலிச். அந்தக் குளிருக்கை ஆர் போய்ப் படிக்கிறது? ஆனபடியால் கொலிச்சே இறங்கி இஞ்சை வந்திட்டுது. ஸ்காபரோவிலை ஒரு தனியார் கொலிச்சோடை பங்கு. பாடம் அவையின்ர, கட்டிடம் இவையின்ர, காசு பிள்ளையளின்ர. 2023 ஆவணியிலை, வகுப்புத் தொடங்கக் கொஞ்ச நாள் கிடக்கேக்கை, 500 பேரளவிலை பிள்ளையளுக்கு உமக்கு இடமில்லை எண்டு அறிவித்தல் போச்சு. விசா குத்தியாச்சு, ரிக்கற் போட்டாச்சு, கொத்தமல்லி வறுத்துத் தாய்மார் பொதி கட்டியாச்சு. கொலிச் சொன்ன காரணம் என்னெண்டால், தாங்கள் எதிர்பாத்ததைவிடக் கனபேருக்கு விசா கிடைச்சிட்டுதாம். விசா கிடைச்சதாலை இடம் போன சனத்தை நான் வேறை எங்கையும் கேள்விப்படேல்லை. 2024 வைகாசி நடுப்பகுதிக்குப் பிறகு உந்தப் பங்குக் கொலிச்சுகளிலை சேருற ஆக்களுக்குப் படிச்சு முடிய வேலை அனுமதியும் இல்லை எண்டாக்கிப் போட்டினம்.

உமக்கு வேலிச் சண்டை தெரியும். பக்கத்து வளவுக்காரன் வருசா வருசம் வேலி அடைக்கேக்கை கதியாலை அரை முழம் உள்ளுக்குத் தள்ளி நடுவான். ஒரு நாளும் கண்ணுக்குத் தெரியாது, பத்து வருசத்திலை பாத்தால் கிணறு அவன்ர பக்கம். ஒட்டாவாவிலை இருக்கிற மத்திய அரசாங்கக்காரர் உந்த வித்தையிலை எங்கட ஆக்களை மிஞ்சினவை. 2022 கார்த்திகையிலை கடையளிலை வேலைக்கு ஆக்கள் காணாமல் போக, மாணவர் எத்தனை மணித்தியாலமும் வேலை செய்யலாம் எண்டு கதியாலைப் பிடுங்கிச்சினம். 2024 சித்திரை முடிய அந்தச் சலுகையும் முடிஞ்சுது, பேந்து கார்த்திகையிலை கிழமைக்கு 24 மணித்தியாலம் எண்டு நட்டினம். அந்த வருசம் தை 22 ஆந் திகதி குடிவரவு அமைச்சர் மார்க் மில்லர் ரெண்டு வருசத்துக்கு உச்சவரம்பு எண்டு அறிவிச்சார்: 360,000 அனுமதி, முந்தின வருசத்தைவிட 35 வீதம் குறைவு. அதுக்கு மேலை மாகாணத்திட்டை ஒரு அத்தாட்சிக் கடிதமும் வாங்கவேணும். புரட்டாதியிலை இன்னும் பத்து வீதம் இறக்கி, அதுவரை வெளியிலை நிண்ட மாஸ்டர்ஸ் ஆக்களையும் அடுத்த வருசக் கணக்குக்குள்ளை இழுத்துவிட்டினம். இந்தியா, சீனா எண்டு சில நாட்டுப் பிள்ளையளுக்கு இருந்த கெதி வழியையும் கார்த்திகையிலை மூடினவை. இலங்கை அந்தப் பட்டியலிலை முதலே இல்லை, ஆனபடியால் எங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை! இப்ப 2026 தையிலை இருந்து, பொது நிறுவனங்களிலை மாஸ்டர்ஸ், பிஎச்டி படிக்கிற ஆக்களுக்கு மாகாணக் கடிதம் வேண்டாமாம். நீர் ஐஎல்ட்ஸ் படிச்சு முடிக்கிறதுக்குள்ளை வேலி எங்கை நிக்குமோ, ஆருக்குத் தெரியும்.

அதே அமைச்சர் 2023 ஐப்பசியிலை, சில கொலிச்சுகள் நாய்க்குட்டி பெருக்கி விக்கிற இடங்கள் மாதிரி டிப்ளோமா அடிச்சு விக்குது எண்டு பேசினவர். நல்லாய்த்தான் பேசினார். அந்த இடங்களுக்கு அங்கீகாரம் குடுத்தது ஆர் எண்டு கேட்டால் மாகாணம். விசா குடுத்தது ஆர் எண்டு கேட்டால் அவற்றை அமைச்சு. ரெண்டு பேரும் ஆளையாள் பாத்துக்கொண்டு நிக்க, காசு கட்டின பிள்ளை குற்றவாளி. வாடகை ஏறினது பிள்ளையாலை, பஸ்ஸிலை நெரிஞ்சது பிள்ளையாலை, டிம் ஹோர்ட்டன்ஸிலை கோப்பி பிந்தினதும் பிள்ளையாலை. கோப்பி ஊத்தித் தந்ததும் அந்தப் பிள்ளைதான் எண்டதை ஒருத்தரும் கதைக்கேல்லை.

வாடகைக் கதையிலை என்னை வாய் திறக்கவேண்டாம் எண்டு மாமி சொல்லுறா. எங்கட நிலவறையிலையும் பெடியள் இருந்தவங்கள். ரெண்டு அறை, நாலு கட்டில், ஒரு ஃபிரிஜ். ஃபிரிஜ்ஜிலை தட்டுக்குத் தட்டு பிளாஸ்ரர் ஒட்டிப் பேர் எழுதியிருப்பாங்கள். மேல்தட்டுக்காரப் பெடியனுக்கு வெயர்ஹவுஸிலை ராவேலை. விடியப்புறம் வந்து, சப்பாத்தும் கழட்டாமல் நிலவறைப் படியிலை இருந்து, மடியிலை லப்டொப்பைத் துறந்து, ஒன்லைன் வகுப்புக்கு வரவு போட்டிட்டு அப்பிடியே சுவரிலை சாஞ்சு நித்திரை. வாத்தியார் அங்கை ஆரோ ஒருத்தருக்குப் படிப்பிச்சுக்கொண்டிருப்பார். என்னடா தம்பி படிக்கிறாய் எண்டு ஒருநாள் கேட்டன். சப்ளை செயின், அங்கிள் எண்டான். ராவு முழுக்க அதைத்தானே தோளிலை தூக்கிக்கொண்டு நிண்டவன், நான் வாத்தியாரெண்டால் சோதினை இல்லாமலே நூறு போட்டிருப்பன்.

தாய் வீடியோவிலை எடுக்கிற நேரம் எல்லா லைற்றையும் போடுவான். நான் கீழை அடுக்கி வைச்ச பழைய வர்த்தகக் கையேடுகளுக்கு முன்னாலை கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பான். தாய்க்கு அது கொலிச் நூலகம். கதை முடிய லைற்றை நூத்துப்போட்டு நூடில்ஸ் அவிப்பான். நல்ல பெடியன். வாடகை ஒருநாளும் பிந்தேல்லை. அதுதான் எனக்கு அவனிலை கூடப் பிடிச்ச குணம்.

இப்ப அந்த அறையள் காத்து வாங்குது. 2025 தையிலை இருந்து ஆவணி வரைக்கும் கனடாவுக்கு வந்திறங்கின புது மாணவர், முந்தின வருசம் அதே மாசங்களிலை வந்தவையைவிட 130,000 க்கு மேலை குறைவு. செண்டேனியல் கொலிச்சடிக்குப் போற 134 புரோகிரஸ் பஸ்ஸிலை முந்தி எனக்குக் கால் வைக்க இடம் கிடைக்காது. இப்ப யன்னல் பக்கத்துச் சீற்றிலை இருந்து புதினம் பாத்துக்கொண்டு போறன். கிழவனுக்கு வசதிதான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் செண்டேனியல் 49 பாடநெறியளை நிப்பாட்டிப் போட்டுது. செனெக்கா மார்க்கத்திலை இருந்த கம்பஸைத் தற்காலிகமாய் எண்டு சொல்லிப் பூட்டிச்சுது. யோர்க் யூனிவெர்சிற்றி 18 படிப்புகளுக்குப் புது ஆக்களை எடுக்கேல்லை. மாகாணம் முழுக்கக் கொலிச்சுகளிலை ஏறத்தாழ 10,000 பேருக்கு வேலை போச்சு, 600 க்கு மேலை பாடநெறி போச்சு எண்டு 2025 ஆடியிலை தொழிற்சங்கம் சொன்னது.

இதிலை பகிடி என்னெண்டால், வெளிநாட்டுப் பிள்ளையள் வந்து எங்கட பிள்ளையளின்ர இடத்தைப் பிடிக்குதுகள் எண்டு கோயில் வீதியிலை நிண்டு கொதிச்ச எங்கட ஆக்கள், இப்ப மகனுக்கு எழுதிப்போட்ட பாடமே இல்லாமல் போச்செண்டு அதே வீதியிலை நிண்டு கொதிக்கினம். அந்தப் பாடத்துக்கு வாத்தியார் சம்பளம் குடுத்தது ஆரெண்டு அப்ப ஒருத்தரும் கணக்குப் பாக்கேல்லை. கனடா மட்டுமெண்டு நினைக்காதையும். லண்டனுக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போறவை மனிசி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போற வழியை 2024 தையிலை கூடுதலாய் அடைச்சாச்சு. அவுஸ்திரேலியாவும் 2025 க்கு 270,000 எண்டு கோடு கீறிச்சுது.

2026 க்கு ஒட்டாவா குறிச்சது 155,000 புது மாணவர். முதல் போட்ட திட்டத்திலை அது 305,900. அந்த 155 எண்ட இலக்கத்தைக் கேக்க எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. 1986 ஆவணியிலை நியூபவுண்ட்லாந்துக் கடலிலை உயிர்காப்புப் படகுகளிலை தத்தளிச்ச எங்கட சனமும் 155 பேர். மீன்பிடிக்காரர் ஏத்திக் கொண்டந்து கரை சேத்தினம். அந்தக் கடலிலை ஒருத்தரும் அத்தாட்சிக் கடிதம் கேக்கேல்லை, பாங்க் புத்தகமும் கேக்கேல்லை. நான் அந்தப் படகிலை வரேல்லை. பிளேனிலை வந்தனான், பாஸ்போட்டிலை இருந்தவர் என்னைவிட வடிவு. ஆனால் வந்து இறங்கினவுடனை, உயிர் தப்ப வந்தனான் எண்டு உள்ளதைச் சொன்னனான். சப்ளை செயின் படிக்க வந்தனான் எண்டு சொல்லேல்லை. நீரும் எதுக்கு வாறீர் எண்டதை முதல் கொம்மாவுக்குச் சொல்லும். குடியேற எண்டால் குடியேற எண்டு சொல்லும், அதை வேறை மாதிரிக் கதைப்பம். படிக்க எண்டால் படிப்பைக் கதைப்பம்.

படிப்பெண்டால், கொலிச் டிப்ளோமா முடிச்சு வேலை அனுமதி வேணுமெண்டவைக்கு 2024 கார்த்திகையிலை இருந்து ஒரு பட்டியல் வைச்சிருக்கினம். நோயாளர் பராமரிப்பு இருக்கு, மின்வேலை இருக்கு, தச்சு வேலை இருக்கு, விஞ்ஞானம், கமம் இருக்கு. பிசினஸ் இல்லை. கிரிக்கெட்டும் இல்லை. கமம் இருக்கெண்டதை மட்டும் கொப்பருக்குச் சொல்லாதையும், கமம் செய்யிற காணியை வித்துக் கமம் படிக்கப் போறியோ எண்டு மண்வெட்டியோடை வருவார்.

ஏஜென்சிக்காரத் தம்பி கொலிச் கடிதம் எண்டு ஒண்டைக் கொண்டந்து தந்தால் சுவாமியறையிலை வைக்கிறதுக்கு முதல் கொலிச்சுக்கு நீரே ஒரு ஈமெயில் போட்டுக் கேளும். 2023 மார்கழியிலை இருந்து ஒவ்வொரு கடிதத்தையும் கொலிச்சிட்டைக் கேட்டுச் சரிபாக்கினம். 2024 இலை 500,000 கடிதம் பாத்ததிலை 10,000 வில்லங்கமாய்த் தெரிஞ்சிருக்கு. தம்பி உம்மட்டையும் காசு வாங்குவார், கொலிச்சும் அவருக்குக் கொமிசன் குடுக்கும். ரெண்டு பக்கமும் சம்பந்தம் பேசிற தரகர் ஆற்றை பக்கம் எண்டு உமக்கு நான் சொல்லத் தேவையில்லை.

என்னைக் கேட்டால், ஏஎல்லைத் திருப்பி எடும். உங்கை திருநெல்வேலியிலை 1974 இலை தொடங்கின கம்பஸ் இருக்கு, ஒரு பரப்புக் காணியும் கேக்காமல் படிப்பிக்கினம். பட்டத்தை எடுத்துப்போட்டு மாஸ்டர்ஸுக்கு இஞ்சை வாரும். அந்தக் கதவு இப்ப திறந்து கிடக்கு. இப்ப எண்டுதான் சொல்லுறன், நீர் வந்து சேரேக்கை எண்டு சொல்லேல்லை. ரொறன்ரோ யூனிவெர்சிற்றியின்ர ஸ்காபரோக் கம்பஸிலை எங்கட சனம் 3 மில்லியன் டொலர் சேத்துத் தமிழ் இருக்கை ஒண்டும் வைச்சிருக்கு. இந்த வருசங்களிலை என்னட்டைப் படிப்பு விசா விசாரிச்ச பெடியள் கொஞ்ச நஞ்சமில்லை, ஒருத்தனாவது அந்த இருக்கை எந்தப் பக்கம் எண்டு கேட்டதில்லை. நீர் கேட்டால் மாமி பால்சோறு காய்ச்சுவா.

உதெல்லாம் கொம்மாவிட்டைச் சொன்னால், அண்ணை தான் போய்க் குந்திக்கொண்டு எங்கட பிள்ளையை வரவிடாமல் மறிக்கிறார் எண்டுவா. ஆனபடியால் நான் மறிக்கேல்லை. வாறதெண்டால் வாரும், நிலவறை கிடக்கு. முதல் மாசமும் கடைசி மாசமும் முன்காசு. மருமோன் எண்டபடியால் வாடகையிலை ஐம்பது டொலர் குறைப்பன், மாமிக்குச் சொல்லக்கூடாது. ஹீற்றரிலை கை வைக்கப்படாது, பனி அள்ளிறது உம்மட வேலை, ஃபிரிஜ்ஜிலை மேல்தட்டு உமக்கு. வராட்டிலும் ஒண்டுமில்லை. உங்கையிருந்து ஆரும் இஞ்சாலை வந்தால் புழுக்கொடியல் ரெண்டு கிலோ கட்டிக் குடுத்துவிடும். அதுக்கு மாகாணக் கடிதம் இன்னும் கேக்கத் தொடங்கேல்லை.